பிரீட்ரிக் ஷில்லர்

யோகான் கிறிஸ்தோப் பிரீட்ரிக் ஃபொன் ஷில்லர் (நவம்பர் 10, 1759 – மே 9, 1805) ஜெர்மானியக் கவிஞர், நாடகாசிரியர், வரலாற்றாசிரியர் மற்றும் மெய்யியலாளர் ஆவார். கோத்தேயுடன் சேர்த்து, வைமார் செவ்வியல் காலம் எனப்படும் இலக்கியக் காலகட்டத்தின் இரு தூண்களுள் ஒருவராகக் கருதப்படுகிறார். கொள்ளையர்கள், டொன் கார்லோஸ், வாலன்ஸ்டைன், மரியா ஸ்டூவர்ட், வில்ஹெல்ம் டெல் ஆகியவை இவரது புகழ்பெற்ற நாடகங்களாகும். 1794 முதல் 1805 வரை இவருக்கும் கோத்தேக்கும் இடையே ஏறத்தாழ ஆயிரம் கடிதங்கள் பரிமாறப்பட்டன. வாலன்ஸ்டைன் என்னும் நாடகக் கவிதை உருவான விதத்தை இக்கடிதங்களின் வழியே படிப்படியாக அறிய முடிகிறது.

இளமை

ஷில்லர் வூர்ட்டம்பெர்க் கோமகனாட்சியில் நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள மார்பாக் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை யோகான் காஸ்பர் ஷில்லர் படையில் அறுவை மருத்துவராகத் தொடங்கி அதிகாரியாக உயர்ந்தவர். தாய் எலிசபெத்தா டொரோத்தியா ஒரு விடுதிக்காரரின் மகள். குடும்பம் சில ஆண்டுகள் லோர்க் என்னும் ஊரில் வாழ்ந்தபோது அங்கிருந்த மோசர் என்னும் பாதிரியாரிடம் ஷில்லர் இலத்தீன் கற்றார். சமயப் பணியில் சேர வேண்டும் என்பதே சிறுவனின் விருப்பமாக இருந்தது.

ஆனால் வூர்ட்டம்பெர்க்கை ஆண்ட கோமகன் கார்ல் ஒய்கன், தான் நிறுவிய படைத்துறைக் கல்விக்கூடத்தில் ஷில்லரைச் சேர்க்குமாறு தந்தைக்கு ஆணையிட்டார். 1773 இல், 13 வயதில் ஷில்லர் அங்கு சேர்ந்தார். சீருடை, அணிவகுப்பு, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவற்றுக்கு நடுவே ஏழாண்டுகளுக்கு மேல் அங்கு வாழ்ந்தார். முதலில் சட்டமும் பின்னர் மருத்துவமும் பயின்றார். 1779 டிசம்பரில் நடந்த பரிசளிப்பு விழாவில் ஷில்லர் மருத்துவப் பாடங்களுக்கான பரிசுகளைப் பெற்றார். அவ்விழாவுக்கு வைமார் கோமகனுடன் விருந்தினராக வந்தவர்களுள் அப்போதே புகழ் பெற்றிருந்த கோத்தேயும் ஒருவர். அன்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

கொள்ளையர்கள் நாடகமும் தப்பியோட்டமும்

கல்விக்கூடத்தில் இருந்தபோதே மறைவாக எழுதத் தொடங்கிய கொள்ளையர்கள் என்னும் நாடகத்தை ஷில்லர் 1781 இல் தன் பெயரின்றித் தம் செலவில் அச்சிட்டார். சனவரி 13, 1782 அன்று மன்ஹைம் நகரில் அது அரங்கேறிப் பெரும் வரவேற்பைப் பெற்றது. அப்போது ஸ்டுட்கார்ட்டில் படைப்பிரிவு மருத்துவராக இருந்த ஷில்லர், அனுமதி பெறாமல் எல்லை தாண்டிச் சென்று அதைக் கண்டார். மீண்டும் ஒருமுறை இவ்வாறு சென்றது தெரியவந்தபோது கோமகன் அவரை 14 நாட்கள் காவலில் வைத்தார். மருத்துவ நூல்களைத் தவிர வேறெதையும் எழுதக்கூடாது என்றும் தடை விதித்தார்.

செப்டம்பர் 22, 1782 இரவில், உருசிய இளவரசரை வரவேற்கும் விழாவில் நகரமே மூழ்கியிருந்தபோது, ஷில்லர் தம் நண்பரான இசைக்கலைஞர் அந்திரேயாஸ் ஸ்ட்ரைகருடன் ஸ்டுட்கார்ட்டை விட்டுத் தப்பியோடினார். தூரிங்கியாவில் பவர்பாக் என்னும் ஊரில் ஹென்றியெட்டே ஃபொன் வோல்ட்சோகன் என்னும் பெண்மணியின் பண்ணை வீட்டில் சில மாதங்கள் தங்கினார். 1783 இல் மன்ஹைம் அரங்கின் நாடகக் கவிஞராக ஓராண்டுக்கு அமர்த்தப்பட்டார். அங்கு மலேரியாக் காய்ச்சலும் கடனும் அவரை வாட்டின. ஃபியெஸ்கோ (1783), சூழ்ச்சியும் காதலும் (1784) ஆகிய நாடகங்கள் இக்காலத்தில் வெளிவந்தன.

1785 இல் கிறிஸ்தியான் கொட்பிரீட் கோர்னர் என்னும் நண்பரின் அழைப்பை ஏற்று லைப்சிக்குக்கும் பின்னர் டிரெஸ்டனுக்கும் சென்றார். இந்த நட்பு தந்த நிம்மதியில் பிறந்ததே மகிழ்ச்சிக்கு வாழ்த்து என்னும் கவிதை. பிற்காலத்தில் பேத்தோவன் தமது ஒன்பதாவது சிம்பொனியில் (1824) இதற்கு இசையமைத்தார். டொன் கார்லோஸ் நாடகம் 1787 இல் நிறைவுற்றது. உரைநடையில் எழுதி வந்த ஷில்லர், இந்த நாடகத்தில்தான் இயைபற்ற ஐஞ்சீர் அடிகளைக் கையாளத் தொடங்கினார்.

வைமாரும் யேனாவும்

1787 சூலையில் ஷில்லர் வைமார் நகருக்கு வந்தார். அப்போது கோத்தே இத்தாலியில் இருந்தார். கோத்தே திரும்பிய பின்னர், செப்டம்பர் 7, 1788 அன்று ரூடோல்ஸ்டாட் நகரில் லெங்கஃபெல்ட் குடும்பத்தாரின் வீட்டில் இருவரும் முதன்முதலாகச் சந்தித்துப் பேசினர். சந்திப்பு மரியாதையுடன் நடந்ததே தவிர நெருக்கம் ஏற்படவில்லை. கொள்ளையர்கள் போன்ற கொந்தளிப்பான படைப்புகளை இத்தாலியிலிருந்து திரும்பிய கோத்தே விரும்பவில்லை. ஷில்லரோ, கோத்தேக்கு எல்லாம் எளிதில் கிடைத்துவிட்டதாகவும் தாம் மட்டும் ஒவ்வொரு நாளும் போராட வேண்டியிருப்பதாகவும் கோர்னருக்கு எழுதிய கடிதத்தில் மனக்குறையை வெளியிட்டார்.

நெதர்லாந்தின் விடுதலைப் போர் பற்றி எழுதிய வரலாற்று நூலின் காரணமாக, ஷில்லர் 1789 இல் யேனா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்நியமனத்துக்குக் கோத்தேயின் பரிந்துரையும் உதவியது. ஆயினும் தொடக்கத்தில் இதற்கு ஊதியம் இல்லை. மே 26, 1789 அன்று அவர் ஆற்றிய முதல் விரிவுரைக்கு மாணவர் கூட்டம் மிகுந்ததால் வேறு பெரிய மண்டபத்துக்கு மாற வேண்டியிருந்தது. பெப்ரவரி 22, 1790 இல் சார்லொட்டே ஃபொன் லெங்கஃபெல்ட்டைத் திருமணம் செய்தார். இவர்களுக்கு இரு மகன்களும் இரு மகள்களும் பிறந்தனர்.

1791 சனவரியில் கடுமையான நுரையீரல் நோய் ஷில்லரைத் தாக்கியது. அதிலிருந்து அவர் முழுமையாக மீளவே இல்லை. அவர் இறந்துவிட்டதாகவே ஒரு கட்டத்தில் செய்தி பரவியது. டென்மார்க் வரை சென்ற அச்செய்தியால், ஔகுஸ்டன்பூர்க் இளவரசரும் டென்மார்க் அமைச்சர் ஷிம்மல்மன்னும் அவருக்கு ஆண்டுக்கு 1000 தாலர் வீதம் மூன்றாண்டுகளுக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தனர். இதனால் கிடைத்த ஓய்வில் ஷில்லர் இம்மானுவேல் கான்ட்டின் மெய்யியலை ஆழ்ந்து பயின்றார். முப்பதாண்டுப் போரின் வரலாற்றையும் இக்காலத்தில் எழுதி முடித்தார். அந்நூலை எழுதியபோதுதான், பேரரசரின் படைத்தலைவராக இருந்து, பேரரசருக்கே எதிராகத் திரும்பி, 1634 இல் ஏகர் நகரில் கொல்லப்பட்ட வாலன்ஸ்டைன் என்பவரின் கதை அவர் மனதைக் கவர்ந்தது.

கோத்தேயுடன் நட்பு

சூன் 13, 1794 அன்று ஷில்லர், தாம் தொடங்கவிருந்த ஹோரன் என்னும் இதழுக்கு எழுதுமாறு கோத்தேக்கு முறையான அழைப்புக் கடிதம் ஒன்றை அனுப்பினார். கோத்தே அதை ஏற்றார். அடுத்த மாதம் யேனாவில் இயற்கை ஆய்வுச் சங்கக் கூட்டம் முடிந்து வெளியே வரும்போது இருவரும் உரையாடத் தொடங்கினர். பேச்சு ஷில்லரின் வீடு வரை நீண்டது. தாவரங்களின் உருமாற்றம் பற்றிய தம் கருத்தை விளக்கக் கோத்தே ஒரு செடியை வரைந்து காட்டினார். அது கண்ணால் கண்ட அனுபவம் அன்று, மனதில் தோன்றிய கருத்து என்று ஷில்லர் மறுத்தார். கோத்தேக்கு இது எரிச்சலூட்டினாலும், இருவருக்கும் இடையில் உள்ள வேறுபாடு என்னவென்பது அன்று தெளிவாயிற்று.

ஆகஸ்ட் 23, 1794 அன்று ஷில்லர் எழுதிய நீண்ட கடிதம் இந்த நட்பின் அடித்தளமாக அமைந்தது. கோத்தே இயற்கையிலிருந்து தொடங்கிப் பொதுமையை நோக்கிச் செல்கிறார் என்றும், தாம் கருத்திலிருந்து தொடங்கித் தனிப்பொருளை நோக்கிச் செல்வதாகவும் ஷில்லர் அதில் விளக்கினார். சில நாட்களில் தம் 45ஆவது பிறந்தநாளைக் கொண்டாடவிருந்த கோத்தே, இதைவிடச் சிறந்த பரிசு தமக்குக் கிடைத்திருக்க முடியாது என்னும் பொருள்பட மறுமொழி எழுதினார். செப்டம்பரில் ஷில்லர் வைமாரில் கோத்தேயின் வீட்டில் இரு வாரங்கள் தங்கினார்.

யேனாவுக்கும் வைமாருக்கும் இடையே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவே உள்ளது. அரசுப் பணிகளும் அரங்க மேலாண்மையும் கோத்தேயை வைமாரில் பிணைத்திருந்தன. நோயால் ஷில்லர் பல வாரங்கள் வீட்டை விட்டே வெளிவர முடியாத நிலையில் இருந்தார். ஆகவே கடிதங்கள் அவர்களின் பணிக்கூடமாயின. கையெழுத்துப் படிகளும் நூல்களும் கடிதங்களுடன் இரு ஊர்களுக்கும் இடையே சென்று வந்தன. கோத்தேயின் வில்ஹெல்ம் மைஸ்டர் புதினத்தை ஷில்லர் 1796 இல் பகுதி பகுதியாக ஆய்ந்து எழுதிய கடிதங்கள் திறனாய்வு இலக்கியத்தில் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டு இருவரும் இணைந்து சேனியன் என்னும் ஈரடிப் பாக்களை எழுதி, அக்கால எழுத்தாளர்களையும் இதழ்களையும் எள்ளி நகையாடினர். நானூறுக்கும் மேற்பட்ட இப்பாக்கள் ஷில்லர் நடத்திய ஆண்டுமலரில் வெளியாயின. எந்தப் பா யாருடையது என்று பிரித்துக் காட்ட அவர்கள் விரும்பவில்லை. 1797 இல் இருவரும் போட்டியிட்டுக் கதைப்பாடல்கள் எழுதினர். இதனால் அவ்வாண்டு கதைப்பாடல் ஆண்டு எனப்படுகிறது.

வாலன்ஸ்டைன் உருவான வரலாறு

1796 அக்டோபரில் ஷில்லர் வாலன்ஸ்டைன் நாடகத்தை முறையாக எழுதத் தொடங்கினார். அவ்வாண்டு அவருக்குத் துயரம் மிகுந்த ஆண்டாகும். மார்ச்சில் இளைய தங்கையும் செப்டம்பரில் தந்தையும் இறந்தனர். டொன் கார்லோசுக்குப் பின் ஒன்பதாண்டுகளாக அவர் ஒரு நாடகத்தையும் முடித்திருக்கவில்லை. மெய்யியல் படிப்பு தம் கவித்துவத்தை வற்றச் செய்துவிட்டதோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

கதைப்பொருளும் எளிதில் வசப்படவில்லை. வாலன்ஸ்டைனின் வலிமைக்கு அடிப்படையான படையை மேடையில் காட்ட இயலாது. கதைத் தலைவரோ ஆசையும் தயக்கமும் நிறைந்தவர். மக்களின் அன்பை எளிதில் பெறக்கூடியவர் அல்லர். அவரது வீழ்ச்சியில் ஊழின் பங்கு குறைவாகவும் அவருடைய சொந்தத் தவறின் பங்கு மிகுதியாகவும் இருப்பதாக 1796 நவம்பரில் ஷில்லர் கோத்தேக்கு எழுதினார். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்திலும் இதே நிலை இருப்பது தமக்கு ஓரளவு ஆறுதல் தருவதாகவும் குறிப்பிட்டார்.

1797 இல் இருவரும் காப்பியத்துக்கும் நாடகத்துக்கும் உள்ள வேறுபாடு பற்றிக் கடிதங்களில் விவாதித்தனர். காப்பியக் கவிஞர் நிகழ்ச்சியை முடிந்துபோன ஒன்றாகச் சொல்கிறார், நாடகக் கவிஞர் அதை நிகழ்ந்துகொண்டிருப்பதாகக் காட்டுகிறார் என்னும் முடிவு அவர்களின் கூட்டுக் கட்டுரையில் இடம்பெற்றது. கோத்தே அப்போது ஹெர்மனும் டொரோத்தியாவும் என்னும் காப்பியத்தை எழுதிக்கொண்டிருந்ததால், இவ்விவாதம் இருவரின் பணிக்கும் நேரடியாக உதவியது.

தொடக்கத்தில் வாலன்ஸ்டைன் உரைநடையிலேயே எழுதப்பட்டது. 1797 நவம்பரில் ஷில்லர் அதை ஐஞ்சீர் அடிகளாக மாற்றத் தொடங்கினார். உரைநடையில் பொருத்தமாகத் தோன்றிய பல காட்சிகள் யாப்பில் நிற்கவில்லை என்பதைக் கண்டு, அவற்றை அடியோடு மாற்ற வேண்டியதாயிற்று என்று நவம்பர் 24 அன்று கோத்தேக்குத் தெரிவித்தார். கவித்தன்மை உடைய அனைத்தும் சந்தத்தில் அமைய வேண்டும் என்று கோத்தே மறுநாளே எழுதி அம்முடிவை ஆதரித்தார். இதனால் பணியின் அளவு பெருகியது. ஒரே மாலையில் நடிக்க முடியாத அளவுக்கு நாடகம் நீண்டது. 1798 செப்டம்பரில் வைமாரில் கோத்தேயுடன் கலந்து பேசிய பின், முன்னுரையாக இருந்த படைவீரர் காட்சிகளைத் தனி நாடகமாக்கி முத்தொடராகப் பிரிப்பது என முடிவாயிற்று. இதன்மூலம் மேடையில் காட்ட முடியாது என்று கருதிய படையும் தனக்கென ஒரு நாடகத்தைப் பெற்றது.

வாலன்ஸ்டைனின் பாசறை என்னும் முதற்பகுதி, புதுப்பிக்கப்பட்ட வைமார் அரங்கின் திறப்பு விழாவில் அக்டோபர் 12, 1798 அன்று அரங்கேறியது. அதற்கு முந்தைய சில நாட்களில் கடிதங்கள் விரைந்து சென்று வந்தன. பாசறையில் கப்புச்சின் துறவி ஒருவர் வீரர்களைக் கண்டித்துப் பேசும் பகுதிக்காக, 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆபிரகாம் ஆ சாங்க்தா கிளாரா என்னும் சமயப் பேச்சாளரின் நூலொன்றைக் கோத்தே அனுப்பி வைத்தார். அந்நூலின் சொல் விளையாட்டைப் பின்பற்றி ஷில்லர் மிகச் சில நாட்களில் அப்பகுதியை எழுதினார். உழவர் ஒருவர் ஏமாற்றுப் பகடைக்காய்களுடன் பாசறைக்கு வரும் காட்சியில், அக்காய்கள் அவருக்கு எப்படிக் கிடைத்தன என்பது சொல்லப்படவில்லை. காரணம் கூறும் இரண்டு அடிகளைக் கோத்தே தாமே எழுதிச் சேர்த்தார். நிகழ்ச்சிகளின் காரணத்தைக் கோத்தே நுணுக்கமாகப் பார்ப்பவர், ஷில்லரோ மேடையில் காட்சி வலுவாக அமைந்தால் போதும் என்று கருதுபவர் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

வாலன்ஸ்டைன் சோதிடத்தில் நம்பிக்கை உடையவர் என்பது வரலாறு. இதை நாடகத்தில் எவ்வாறு கையாள்வது என்பது ஷில்லருக்குப் பெருஞ்சிக்கலாக இருந்தது. சோதிடக் காட்சிக்கு மாற்றாக, எழுத்துகளைக் கொண்டு குறி சொல்லும் ஒரு வழக்கத்தைப் பயன்படுத்தலாமா என்று 1798 டிசம்பரில் கோத்தேயிடம் கேட்டார். நான்கு நாட்கள் சிந்தித்த கோத்தே, சோதிடமே சிறந்தது என்று பதிலளித்தார். உலகம் முழுவதும் ஒன்றோடொன்று பிணைந்துள்ளது என்னும் மங்கலான உணர்விலிருந்தே சோதிட நம்பிக்கை பிறக்கிறது என்றும், விண்மீன்கள் பருவங்களையும் பயிர்களையும் பாதிப்பதைக் காணும் மனிதன் அதை நன்மை தீமை வரை நீட்டிப்பது இயல்பே என்றும் அவர் விளக்கினார். ஷில்லர் நன்றியுடன் இக்கருத்தை ஏற்றுக்கொண்டார். நாடகத்தில் விண்மீன்கள் வகிக்கும் முக்கிய இடத்துக்கு இக்கடிதமே காரணமாகும்.

இரண்டாம் பகுதியான பிக்கொலோமினி, சனவரி 30, 1799 அன்று வைமார் கோமகளின் பிறந்தநாளில் நடிக்கப்படவிருந்தது. பெர்லின் அரங்கின் இயக்குநர் இஃப்லாண்டும் படியை விரைந்து அனுப்புமாறு வற்புறுத்தினார். தூக்கமின்மையால் வாடிய ஷில்லர், கிறிஸ்துமசுக்கு முந்தைய நாளில் மூன்று படியெடுப்பவர்களை ஒரே நேரத்தில் அமர்த்திப் பணியை முடித்தார். டிசம்பர் 27 அன்று கோத்தே அனுப்பிய குறிப்பு, அதைக் கொண்டுவருபவர் ஒரு குதிரைப்படைப் பிரிவு என்றும் பிக்கொலோமினிகளைக் கைப்பற்றிவர ஆணை பெற்றவர் என்றும் வேடிக்கையாகக் கூறியது. நாடகம் குறித்த நாளில் அரங்கேறியது. வாலன்ஸ்டைனின் இறப்பு என்னும் இறுதிப் பகுதி ஏப்ரல் 20, 1799 அன்று அரங்கேறியது. ஏறத்தாழ 7,600 அடிகள் கொண்ட முழு நூலும் 1800 இல் டியூபிங்கனில் கோட்டா பதிப்பகத்தால், நாடகக் கவிதை என்னும் துணைத்தலைப்புடன் வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் இதன் இரண்டாம், மூன்றாம் பகுதிகளை மொழிபெயர்த்தார்.

ஃபாவுஸ்ட்டில் ஷில்லரின் பங்கு

உதவி ஒரு பக்கமாக மட்டும் அமையவில்லை. கோத்தே பல ஆண்டுகளாகக் கிடப்பில் போட்டிருந்த ஃபாவுஸ்ட் நாடகத்தின் அச்சேறாத பகுதிகளைப் படிக்கத் தருமாறு 1794 நவம்பரிலேயே ஷில்லர் கேட்டார். அந்தக் கட்டை அவிழ்க்கத் தமக்குத் துணிவில்லை என்று கோத்தே மறுத்துவிட்டார். 1797 சூன் 22 அன்று, ஃபாவுஸ்ட்டை மீண்டும் தொடங்க முடிவு செய்துள்ளதாக எழுதிய கோத்தே, உறக்கம் வராத ஓர் இரவில் அதைப் பற்றிச் சிந்தித்துக் கருத்துரைக்குமாறு ஷில்லரை வேண்டினார். ஷில்லரின் பதில் மறுநாளே எழுதப்பட்டது. மனிதனின் இரட்டை இயல்பும், தெய்வீகத்தையும் உடல் இச்சையையும் ஒன்றிணைக்க முயன்று தோற்பதுமே இதன் மையம் என்று ஷில்லர் சுட்டிக்காட்டினார். ஃபாவுஸ்ட்டின் முதற்பாகம் 1808 இல் வெளிவந்தபோது ஷில்லர் உயிருடன் இல்லை.

இறுதி ஆண்டுகள்

1799 டிசம்பரில் ஷில்லர் குடும்பத்துடன் வைமாருக்குக் குடிபெயர்ந்தார். நேரில் அடிக்கடி சந்திக்க முடிந்ததால் கடிதங்கள் சுருங்கின. மரியா ஸ்டூவர்ட் (1800), ஓர்லியான்சின் கன்னி (1801), மெசினாவின் மணமகள் (1803) ஆகிய நாடகங்கள் அடுத்தடுத்து வெளிவந்தன. 1802 இல் அவருக்கு உயர்குடிப் பட்டம் வழங்கப்பட்டது. 1804 மார்ச்சில் அரங்கேறிய வில்ஹெல்ம் டெல் நாடகத்தின் கதைப்பொருள், கோத்தே 1797 இல் சுவிட்சர்லாந்துப் பயணத்தின்போது காப்பியமாக எழுத எண்ணியதாகும். அதைக் கைவிட்ட கோத்தே, அந்நாட்டைப் பற்றிய விவரங்களை ஷில்லருக்கு எடுத்துரைத்தார். சுவிட்சர்லாந்தை ஒருபோதும் காணாமலேயே ஷில்லர் அந்நாட்டின் விடுதலைக் கதையை எழுதினார்.

1805 வசந்த காலத்தில் இருவருமே நோயுற்றிருந்தனர். ஷில்லர் உருசிய வரலாற்றை அடிப்படையாகக் கொண்ட டெமேத்ரியுஸ் நாடகத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஏப்ரல் இறுதியில் அவர்கள் எழுதிய கடைசிக் கடிதங்கள், கோத்தே செய்து வந்த தீதரோவின் நூல் மொழிபெயர்ப்பைப் பற்றியவை. மே 9, 1805 அன்று ஷில்லர் தமது 45ஆவது வயதில் காலமானார். உடற்கூற்று ஆய்வில் அவரது நுரையீரல் பெரிதும் சிதைந்திருந்தது கண்டறியப்பட்டது. நோய்வாய்ப்பட்டிருந்த கோத்தேயிடம் அன்றிரவு இச்செய்தியைச் சொல்ல எவரும் துணியவில்லை. மறுநாளே அவர் அறிந்தார். டெமேத்ரியுஸ் நாடகத்தைத் தாமே எழுதி முடித்து நண்பருக்கு நினைவுச் சின்னமாக்க விரும்பினார். ஆனால் அது கைகூடவில்லை.

கடிதங்களின் வெளியீடும் நினைவிடமும்

ஷில்லரின் உடல் வைமாரில் ஒரு பொதுக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது. அவருடையது எனக் கருதப்பட்ட எலும்புகள் 1827 இல் அரச கல்லறைக்கு மாற்றப்பட்டன. 1832 இல் இறந்த கோத்தேயும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். 2008 இல் வெளியான மரபணு ஆய்வு முடிவுகள் அந்த எலும்புகள் ஷில்லருடையவை அல்ல என்று காட்டின. இதனால் அங்குள்ள அவரது பேழை வெறுமையாக வைக்கப்பட்டுள்ளது.

1828–1829 ஆண்டுகளில் கோத்தே தமக்கும் ஷில்லருக்கும் இடையிலான கடிதங்களை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு பெரும் படைப்பு எவ்வாறு எண்ணப்பட்டு, ஐயத்துக்கு உள்ளாகி, திருத்தப்பட்டு முழுமை பெறுகிறது என்பதைக் காட்டும் ஆவணமாக இத்தொகுப்பு விளங்குகிறது. வைமார் அரங்கின் முன் 1857 இல் நிறுவப்பட்ட எர்ன்ஸ்ட் ரீட்ஷலின் வெண்கலச் சிலையில் இரு கவிஞர்களும் அருகருகே நிற்கின்றனர்.

முக்கிய நாடகங்கள்

கொள்ளையர்கள் (1781)
ஃபியெஸ்கோ (1783)
சூழ்ச்சியும் காதலும் (1784)
டொன் கார்லோஸ் (1787)
வாலன்ஸ்டைன் – மூன்று பகுதிகள் (அரங்கேற்றம் 1798–1799, நூல் 1800)
மரியா ஸ்டூவர்ட் (1800)
ஓர்லியான்சின் கன்னி (1801)
மெசினாவின் மணமகள் (1803)
வில்ஹெல்ம் டெல் (1804)
டெமேத்ரியுஸ் (முற்றுப்பெறாதது)